வடத்துக்கு இந்தப் பக்கம்

வடம் அவன் பூட்ஸ் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. குனிந்து கையை நீட்டினால் போதும். ஆனால் விறைத்து நிற்கிற பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா குனியக்கூடாது, மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டக்கூடாது. உட்கார்ந்துதான் இருக்கிறது, அதற்கும் காலையிலிருந்து வேறு வேலையில்லை. காத்தவராயன் ஈயை அதன் போக்கில் விட்டுவிட்டு வடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தென்னை நார் வடம், ஆள் தொடை கனம், மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கொண்டு பெரிய தெரு நெடுக நீட்டிக் கிடந்தது, கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு நடுக்கூடத்தில் படுத்துவிட்ட சம்பந்தி மாதிரி, எழுப்பவும் முடியாது, தாண்டிப் போகவும் கூடாது. இழுக்க ஊரே காத்து நிற்கிறது. இழுக்கச் சொல்லத்தான் ஆளில்லை. புன்னைத்துறையை ஆள வருகிற பிரெஞ்சுத் துரை எவனோ அவன்தான் புன்னைவனநாதர் தேருக்கு முதல் கை, நூறு வருஷத்துக்கு மேலான வழக்கம், சுவாமிக்கே அது பழகிப்போயிருக்கும். இப்போதைய துரை முசே பெர்த்தோ எதிர்ப்பக்கம் பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எதிர் நாற்காலியில் இந்தியாவின் கான்சல் பதுரி, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டில். வெள்ளைக்காரன் வெளியே போகிற காலம் இது, நாளைக்கு ஊர் இந்தியாவுடையது, ஆகவே இன்றைக்கே வடத்தில் முதல் கை இந்தியாவுடையதாக இருக்கவேண்டும் என்கிறார் கான்சல். நாளை நாளைக்கு, இன்று இன்றைக்கு என்கிறான் துரை. பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேசட்டும், முதல் கை எவனுடையதாக இருந்தால் என்ன, காத்தவராயனுக்கு இரண்டாவது கை போதும், மூன்றாவது கூடப் போதும். துரை வாக்குக் கொடுத்திருக்கிறான். பரோல் தோனேர் என்றான், மானத்தின் மேல் ஆணை என்று அர்த்தம். என் பக்கத்தில் நின்று நீயும் பிடி என்றான். சொல்லிவிட்டு, "இவ்வளவுதானா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு மாதமாகத் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை.

இவ்வளவுதானா. துரை பங்களாவுக்கு அவனைக் கூப்பிட்டனுப்பியது தேருக்கு ஒரு மாதம் முன்னால். "பழைய சொல்தாக்கள் எல்லாரும் சீருடை போட்டுத் தேருக்கு முன்னால் அணிவகுத்து நிற்கவேண்டும், சர்ழான். இந்த ஊர் பிரான்ஸை மறக்கவில்லை என்பதை அந்தக் கான்சல் தன் கண்ணால் பார்க்கவேண்டும்." சர்ழான் என்றால் சார்ஜெண்ட், பட்டாளத்தை விட்டு வந்தும் ஒட்டிக்கொண்ட பட்டம். நிற்கிறேன் முசே, எனக்கும் ஒன்று வேண்டும் என்றான் இவன். என்ன, மனைக்கட்டா, பையனுக்கு வேலையா என்றான் துரை. வடம் என்றான். எந்த வடம்? நீங்கள் பிடிக்கிற வடம், நானும் பிடிக்கவேண்டும். அப்போதுதான் கேட்டான், இவ்வளவுதானா, ஒரு கயிறு, நான் பிடிக்கிற கயிற்றை நீ பிடிக்க யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று. மூன்று வருஷமாக இந்த ஊரை ஆள்கிறான், கிழக்கே உப்பளத்துப் பக்கம் ஒரு சேரி இருப்பதும், அங்கிருந்து வருகிறவன் எவனும் இந்த வடத்தைத் தொட்டதில்லை என்பதும் தெரியவில்லை. தெரியாதா, தெரிந்தும் தெரியாதவன் மாதிரி இருந்தானா? அது எப்படித் தெரியாமல் போகும்? வரி எவ்வளவு வருகிறது என்பது தெரிகிறது, கடற்பாலத்தில் எத்தனை அடி ஆழத்துக்குக் கப்பல் நிற்கும் என்பது தெரிகிறது, இது மட்டும் தெரியாதா? மாட்டுக்கறி தின்று கை கழுவிவிட்டு வந்து வடம் பிடிக்கிறான், அர்ச்சகர் குனிந்து மாலை போடுகிறார், தீட்டில்லை. சீமையிலிருந்து வந்த கைக்கு இல்லாத தீட்டு இந்த மண்ணிலேயே பிறந்த கைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஒருத்தனுக்கும் வாயில்லை. சீருடைக் காலர் கழுத்தை அறுத்தது. பெண்டாட்டி வேம்பு சட்டைக்குப் போட்ட கஞ்சி. அவள் எதைச் செய்தாலும் அழுத்தமாகத்தான் செய்வாள், கஞ்சியும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான். காலையில் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"தொர சொன்னான் தொர சொன்னான்னு ஒரு மாசமா இதே பாட்டு. வடம்னா என்னான்னு நெனச்சிருக்கான் அவன், கெணத்துக் கயிறுன்னா?"

"மானத்து மேல ஆணைன்னு சொன்னாருடி."

"சொல்லுவான். வாய் சக்கர, கை கருணக்கெழங்கு. குடுக்குறவனா இருந்தா அவனுக்கு முன்ன வந்தவனுவ குடுத்திருக்க மாட்டானுவளா? அது கெடக்கட்டும், நீங்க எதுக்குங்க போயிக் கேட்டீங்க? ஒங்க அப்பாரு யாரக் கேட்டுக்கிட்டுத் தாண்டுனாரு?"

வாயை மூடு என்று கத்திவிட்டுக் கிளம்பிவிட்டான். வாசல்வரை வந்து, தொப்பியை நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள், அதில் குறைவைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்துவிட்டது. உப்பளத்து வரப்பு நெடுக வந்தது, பெரிய தெருவரை வந்தது, இதோ அணிவகுப்பில் அவனுக்குப் பக்கத்திலேயே விறைத்து நிற்கிறது. யாரைக் கேட்டுக்கொண்டு தாண்டினார்? ஒருத்தரையும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. தேருக்கு முந்தின நாள் அந்தியிலேயே வடத்தை எடுத்துத் தெருவில் நீட்டிவிடுவார்கள். நீட்டினது நீட்டினதுதான், தேர் ஊர் சுற்றி நிலைக்கு வந்து சேரும்வரை சேரிக்காரன் வடத்துக்குக் கிழக்கேதான் கிடக்கவேண்டும். தொட்டால் குற்றம், தாண்டினால் அதைவிடக் குற்றம். தாண்டிவிட்டால் தேர் நகரக்கூடாது, வடத்தைக் கழுவி, புண்ணியாகவாசனம் செய்து, மறுபடி நல்ல நேரம் பார்த்துத்தான் இழுக்கவேண்டும். அம்மாவுக்கு அந்த அந்தியில்தான் வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் கையில் இல்லை, ஆஸ்பத்திரி அம்மாவைக் கூட்டிவா என்று சொல்லிவிட்டாள் சேரி மருத்துவச்சி. ஆஸ்பத்திரி மேற்கே இருந்தது. வெள்ளைக்காரன் கட்டின ஆஸ்பத்திரி எல்லோருக்கும் பொது, அதற்குப் போகிற தெருதான் பொது இல்லை. முகத்துவாரம் பக்கம் சுற்றிப் போகலாம் என்றால் கடல் ஏறிக் கிடக்கிற நேரம், கழுத்தளவு தண்ணீர். அப்பா சடையன் ஓடினார். எட்டு வயசுப் பையனான இவன் பின்னாலேயே தெரு முனைவரை ஓடினான், அதனால் பார்த்தான். வடத்தண்டை வந்ததும் அப்பா ஒரு கணம் நின்றார். நின்றதைத்தான் இவனால் மறக்க முடியவில்லை, தாண்டியதைக்கூட மறந்துவிடலாம். மனைவி அங்கே செத்துக்கொண்டிருக்கிறாள், அந்த மனுஷன் ஒரு கயிற்றின் முன்னால் தயங்கி நின்றார், அப்படி வளர்த்திருந்தார்கள். பிறகு வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டினார். "தாண்டிட்டான்! வடத்தைத் தாண்டிட்டான்!" எந்த வாய் முதலில் கத்தியது என்று தெரியாது, தெருவே கத்தியது. அவரைத் தேர்முட்டிக் கல்தூணில் கட்டிப்போட்டார்கள். பொண்டாட்டிக்குப் பேறுகாலம் சாமி, ஆஸ்பத்திரிக்காவது சொல்லிவிடுங்க சாமி என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இருந்தார்கள், போய்ச் சொன்னவர்கள் இல்லை. மறுநாள் வடத்தைக் கழுவினார்கள், மந்திரம் சொன்னார்கள், அந்த வருஷத்துத் துரை வந்து முதல் கை வைத்தான், தூணில் கட்டியிருந்த ஆளை அவன் பார்த்தானா என்று தெரியாது. தேர் நிலைக்கு வந்த பிறகுதான் அப்பா வீட்டுக்கு வந்தார். அதற்குள் அம்மாவையும் பெயர் வைக்காத தங்கச்சியையும் ஒரே குழியில் வைத்து மூடியாகிவிட்டது.

வெயில் ஏறிவிட்டது. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார், தவில் கவிழ்ந்து கிடக்கிறது. இடது கால் மரத்துப்போயிற்று, அது குண்டு பட்ட கால், நிற்கச் சொன்னால் நிற்கும், தூக்கச் சொன்னால்தான் முரண்டு பிடிக்கும். அந்தக் கால் வியட்நாம் சண்டையில், சாய்கோனுக்கு வடக்கே ஏதோ ஒரு ஆற்றங்கரைச் சேற்றில் பாதியை விட்டுவிட்டு வந்தது. ஆறு பெயர் மறந்துவிட்டது, சேறு மறக்கவில்லை, புன்னைத்துறை உப்பளத்துச் சேறு மாதிரியே நாற்றம். வெள்ளைக்காரக் கேப்டனுக்கு வயிற்றில் குண்டு. இவன்தான் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தான், கேப்டனுடைய வேர்வையும் ரத்தமும் இவன் கழுத்தில் வழிந்தது. தண்ணீர் என்று கேட்டபோது இவனுடைய குப்பியைத்தான் வாயில் வைத்துக் குடித்தார், துடைக்கக்கூட இல்லை. அதை நினைத்து நினைத்து எத்தனை நாள் புல்லரித்திருக்கிறான், இப்போது நினைத்தால் தன் மேலேயே எரிச்சல் வருகிறது. சாகப்போகிறவன் யார் தண்ணீரையும் குடிப்பான். அதற்கா புல்லரிப்பது? எதிர்க்கரையில் அந்த ஊர்ப் பையன்கள் மைக் வைத்துக் கத்துவார்கள், கறுப்பு அண்ணன்மாரே, உங்களை அடித்தவனுக்காக எங்களை ஏன் சுடுகிறீர்கள் என்று. சர்ழானாகிவிட்ட இவன் பள்ளத்துக்குள் படுத்துக்கொண்டு யோசிப்பான், என் அப்பனைத் தூணில் கட்டினவன் வெள்ளைக்காரன் இல்லையே தம்பி, அவன் ஊரில் பொழுது சாய்ந்ததும் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனைச் சுட எனக்கு எவன் உத்தரவு கொடுப்பான்? யோசித்துக்கொண்டே சுட்டான். பட்டிருக்கும். எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பட்டதோ. இந்தச் சீருடையைப் போட்டால் பெரிய தெருவில் செருப்போடு நடக்கலாம் என்பதற்காகத்தானே பதினெட்டு வயசில் கையெழுத்துப் போட்டான்! நடந்தான். நடக்க விட்டார்கள். சீருடையைத்தான் விட்டார்கள், ஆளை விடவில்லை. இன்றைக்குக் காலையில்கூட தர்மகர்த்தா சபாநாயகம் துரையிடம் சொன்னாராம், அணிவகுப்பு நிற்கட்டும், தடையில்லை, வடத்துக்குக் கிழக்கே நிற்கட்டும்.

சபாநாயகத்தின் அப்பாதான் அன்றைக்குத் தர்மகர்த்தா. அதை இந்தத் தெருவில் இரண்டே பேர் நினைவு வைத்திருக்கிறார்கள், ஒருத்தன் காத்தவராயன், இன்னொருத்தர் சபாநாயகம். போன வருஷத் தேருக்குப் பட்டுக் கோட்டில் பிரெஞ்சுக் கொடியின் மூவர்ண ரிப்பன் குத்திக்கொண்டு பிரெஞ்சில் வரவேற்புரை வாசித்தவர், இந்த வருஷம் கதர் வேட்டியில் பந்தலுக்குள் நடமாடுகிறார். ரிப்பனையும் எறிந்துவிடவில்லை, இடுப்பு மடிப்பில் பத்திரமாக இருக்கும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கு. அவரை முறைத்துக்கொள்ள இரண்டு சர்க்காருக்கும் முடியாது. தை பிறந்தால் ஊர்ச்சபை ஓட்டுப் போடப்போகிறது, பிரான்ஸா இந்தியாவா என்று. சபையில் பாதிக்கு மேல் அவர் கைக்காரர்கள். இவ்வளவு பாடும் எதற்கு? புன்னைத்துறை மண்ணுக்காகவா, மனுஷனுக்காகவா? முகத்துவாரத்துக்காக. எந்தக் காற்றிலும் கப்பல் நிற்கிற ஆழம் இந்தக் கரையில் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறதாம். பாரீஸில் வரைபடம் விரிக்கிறார்கள், டில்லியில் வரைபடம் விரிக்கிறார்கள், இரண்டு படத்திலும் ஆழம் போட்டிருக்கும், உப்பளத்துக்குப் பக்கத்தில் நாற்பது கூரை இருப்பதைப் போட்டிருக்க மாட்டார்கள். இந்தியா ஊரைச் சுற்றிச் சுங்கச் சாவடி போட்டு ஆறு மாதமாகச் சீமெண்ணெய் வரவில்லை, சேரியில் விளக்கில்லை. பெரிய தெருவில் இருக்கிறது, எப்படியோ வந்துவிடுகிறது. கதர்க்காரப் பையன்கள் வந்து சொன்னார்கள், சுதந்திரம் வரட்டும் அண்ணே, அந்தப் பக்கம் சட்டமே போட்டாச்சு, எல்லாரும் கோயிலுக்குள்ள போகலாம். சாவடிக்கு அந்தப் பக்கம் இந்திய ஊரில் இருக்கிற வேம்புவின் அண்ணன் ராசாங்கம் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "சட்டம் கோயிலுக்குள்ள போயிருச்சு மாப்ள. நாமதான் இன்னும் வெளிய நிக்கிறோம்." அவனுக்கும் எப்படிச் சிரிப்பு வருகிறதோ. காத்தவராயனுக்கு வருவதில்லை. எந்தக் கொடி ஏறினால் என்ன, எந்தக் கொடி இறங்கினால் என்ன, இந்த வடம் ஒரு சாண் இப்படி நகருமா?

பந்தலுக்குள் அசைவு. மொழிபெயர்க்கிற லூர்துநாதன் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறான், பிரெஞ்சு உள்ளே போய் இங்கிலீஷாக வருகிறது, இங்கிலீஷ் போய்ப் பிரெஞ்சாக வருகிறது, தமிழ் மட்டும் அவன் வாய்க்குள்ளேயே இருக்கிறது. இருவரும் சேர்ந்து பிடிக்கலாம் என்றால் யார் வலப்பக்கம் என்று ஒரு சண்டை. வழக்கப்படி நான் என்கிறான் துரை. நான் உங்கள் விருந்தாளியில்லை, சுவாமியின் விருந்தாளி என்கிறார் கான்சல். கெட்டிக்காரர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெஞ்சில் இடம்பிடிக்கிற சண்டை, ஆனால் வரி கட்டுகிறவன் வெயிலில் நிற்கவேண்டும். திடீரென்று துரையின் கண் தெருவைத் தாண்டி இவன் மேல் வந்து நின்றது. நினைவு வந்துவிட்டது. கொடுத்த வாக்கு நினைவு வந்துவிட்டது. இல்லை, வேறு ஏதோ. துரை எழுந்து, கையை நீட்டி இவனைக் காட்டி, வேகமாகப் பேசினான், பிரெஞ்சு இவனுக்குத் தெரியும், தெருவின் அகலத்தைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் வந்து விழுந்தது. "இதோ ஒரு மனிதன். இந்த மண்ணில் பிறந்தவன், பிரான்ஸுக்காக ரத்தம் சிந்தியவன். முதல் கை எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். அவன் வைக்கட்டும். அவனுக்குப் பின்னால் நாம் இருவரும் சமமாகப் பிடிப்போம்." லூர்துநாதன் அதை இங்கிலீஷாக்கினான், ஆக்கும்போதே அவன் முகம் வெளுத்தது. கான்சல் இவனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தலையை ஆட்டினார், சிரித்தார், சாதாரண மக்களில் ஒருவர், ரொம்பப் பொருத்தம் என்றோ என்னவோ சொன்னார், கூட வந்திருந்த போட்டோக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். முதல் கை. இரண்டாவது இல்லை, மூன்றாவது இல்லை, முதல் கை! காத்தவராயனுக்கு நெஞ்சு குதித்து எழும்பியது, வலது உள்ளங்கை தானாக விரிந்தது. இந்த நெஞ்சு ஏன் இப்படிக் குதிக்கிறது, வெட்கங்கெட்ட நெஞ்சு, இவர்கள் சண்டை தீராமல் எறிகிற எலும்புக்கா இப்படி வாலாட்டுகிறது என்று தன்னையே வைதான். வைது என்ன, குதிப்பது நிற்கவில்லை. அப்பா, பாருங்கப்பா. வேம்பு, நீ இதைப் பார்க்காமல் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாயே! கயிறு நார் நாராக உள்ளங்கையில் குத்துவது முன்கூட்டியே தெரிந்தது, மஞ்சள் ஒட்டுவது தெரிந்தது, அந்த மஞ்சளைக் கழுவாமல் வீட்டுக்குப் போகவேண்டும்.

அப்போது தர்மகர்த்தா நடந்து வந்தார். ஓடவில்லை, கத்தவில்லை. அவர் அப்பா காலம் மாதிரி இல்லை, இவர் படித்தவர். லூர்துநாதன் காதில் ஒரு வார்த்தை. லூர்துநாதன் துரை காதில். பிறகு கான்சல் காதில். ஒவ்வொரு முகமும் வாங்கி அடுத்த முகத்துக்குக் கொடுத்தது, அம்மைக் கொப்புளம் பரவுகிற மாதிரி. துரை இவனைத் திரும்பிப் பார்த்தான், முதல் தடவையாக நிஜமாகவே பார்த்தான், தலையிலிருந்து பூட்ஸ்வரை. ஆ, என்றான். அவ்வளவுதான், ஒரு ஆ. கான்சலுக்கு அதைவிடச் சங்கடம். அவர் நல்ல மனுஷர், முகத்தில் தெரிந்தது, கண்ணாடியை மறுபடி துடைத்தார், தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கோட்பாட்டில் தனக்கு ஆட்சேபம் இல்லை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது, ஆனால் இந்தச் சமயத்தில், தை மாத ஓட்டு இருக்கும்போது, ஊர்ப் பெரியவர்களின் மனம் புண்படாமல் என்று லூர்துநாதன் பிரெஞ்சில் ஆக்கினான். முற்றிலும் உண்மை, நானும் அதையே நினைத்தேன் என்றான் துரை. இருவரும் ஒன்றையே நினைத்தார்கள்! காலையிலிருந்து, காலை என்ன, ஆறு மாதமாக, பாரீஸும் டில்லியும் தந்தி மேல் தந்தி அடித்தும் ஒன்றில்கூட ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் ஒத்துப்போனார்கள். வலப்பக்கம் யார் என்ற பேச்சே மறந்துவிட்டது. நீங்கள் என்றான் துரை, இல்லை இல்லை நீங்கள் என்றார் கான்சல். தர்மகர்த்தா இருவர் கழுத்திலும் சம்பங்கி மாலை போட்டார். இருவரும் சிரித்துக்கொண்டே, கைகோக்காத குறையாக, பந்தலைவிட்டு வடத்துக்கு வந்தார்கள். நாயனக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். தெரு முழுக்க ஹரஹரா என்றது. துரை வடத்துக்கு மேற்கே, இவன் கிழக்கே, நடுவில் ஒரு தொடை கனக் கயிறு. குனியப் போன துரை நிமிர்ந்து இவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"அப்புறம் பார்க்கலாம், கிழவா."

அப்புறம். நான்கு கைகள் வடத்தில் விழுந்தன, இரண்டு வெள்ளை, இரண்டு மாநிறம். போட்டோக்காரன் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னான், சிரித்தார்கள். அணிவகுப்பு இப்போது வணக்கம் வைக்கவேண்டும், கட்டளை கொடுக்கவேண்டியவன் சர்ழான், மற்ற ஐந்து கிழட்டுச் சொல்தாக்களும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வாய் திறக்கவில்லை. ஒரு சாண். இப்போதுகூடக் குனிந்து தொட்டுவிடலாம், எவனும் தடுப்பதற்குள் தொட்டுவிடலாம். ஆனால் கை விரியவில்லை, சற்று முன் தானாக விரிந்த கை மூடிக்கிடந்தது, தொடப் பிடிக்கவில்லை. எதற்காக இதைப் போய்க் கேட்டான்? அவர்கள் கையெல்லாம் பட்ட கயிறு. அப்பா இதைத் தொடவா ஓடிவந்தார்? அவருக்கு வடம் வேண்டாம், தேர் வேண்டாம், சுவாமிகூட வேண்டாம், வடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிதான் வேண்டும். முப்பத்தெட்டு வருஷமாகத் தப்பான இடத்தில் ஆசையை வைத்துக்கொண்டு, அதற்குக் கஞ்சி போட்ட சட்டை வேறு! ஒங்க அப்பாரு யாரக் கேட்டுக்கிட்டு. உள்ளுக்குள் பயம் எழுந்தது. நாற்பது கூரை, எல்லாம் கீற்றுக் கூரை, இந்த வெயிலுக்கு ஒரு தீக்குச்சி போதும். வேம்பு தனியாக இருக்கிறாள். சீருடையைப் பார்த்துத் துரை முன்னால் இப்போது சும்மா இருப்பார்கள், பொழுது சாய்ந்தால் இருப்பார்களா? இதெல்லாம் அவனுக்குத் தெரியும், வேம்புவுக்கும் தெரியும், தெரிந்துதானே கேட்டாள்? அப்பா நின்றது போல ஒரு கணம் நின்றான். அதற்கு மேல் நிற்கவில்லை. குண்டு பட்ட காலைத்தான் முதலில் தூக்கவேண்டியிருந்தது, அதுதான் வடத்தின் பக்கம் இருந்தது. அது முரண்டு பிடித்தது, தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான், குண்டில்லாத துப்பாக்கி தோளிலிருந்து நழுவித் தெருவில் விழுந்து சத்தம் போட்டது. நாயனம் நின்றது. பூட்ஸ் வடத்துக்கு மேலே போவதை ஊரே பார்த்தது, துரையும் கான்சலும் குனிந்தபடியே அண்ணாந்து பார்த்தார்கள், அவர்கள் கைகளுக்கு நடுவில்தான் அது போயிற்று. ஒட்டாமல், உரசாமல், மேற்கே மண்ணில் ஊன்றியது. பிறகு மற்றக் கால்.

"தாண்டிட்டான்! வடத்தைத் தாண்டிட்டான்!"

அதே சத்தம். வாய்கள் வேறு, சத்தம் அதே சத்தம். தர்மகர்த்தா தலையில் கை வைத்துக்கொண்டு வடத்தை விடச்சொல்லி இருவரையும் கெஞ்சுகிறார், இனி தேர் நகரக்கூடாது, கழுவவேண்டும், மந்திரம் சொல்லவேண்டும், நேரம் பார்க்கவேண்டும். நல்ல நேரம் இன்றைக்கு இருக்கிறதோ நாளைக்கோ, அதுவரை பாரீஸும் டில்லியும் பந்தலுக்குள் போய் மறுபடி உட்காரட்டும், யார் வலப்பக்கம் என்று மறுபடி முதலிலிருந்து பேசட்டும். என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று துரை கேட்டான், கான்சலும் கேட்டார். லூர்துநாதன் விழுந்து கிடக்கிற துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். காத்தவராயன் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் தானாக வழிவிட்டது, தீட்டுக்குப் பயந்து விட்டதா, சீருடைக்குப் பயந்து விட்டதா, எதற்கோ விட்டது. முதுகில் எந்த நேரமும் கல் விழலாம் என்று தோள்பட்டை இறுகியிருந்தது. பெரிய தெருவிலிருந்து மேற்கே பிரிகிற, அன்றைக்கு அப்பா போக முடியாத ஆஸ்பத்திரிப் பாதையில் நொண்டிக்கொண்டே நடந்தான், நடக்க நடக்க நேரமாகிவிட்டது நேரமாகிவிட்டது என்று ஒரு பதைப்பு. ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைச் சேலை கட்டின நர்ஸ் ஒருத்தி தேர் ஏன் இன்னும் வரவில்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்த்துக் கொட்டிக்கொண்டு வருகிற சொல்தாவைக் கண்டு பதறினாள்.

"என்னங்க, யாருக்கு என்ன?"

அவனுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மாவுக்கு வலி எடுத்திருச்சுங்க" என்றான். "புள்ள குறுக்க கெடக்குது. செத்த வாங்க."